அம்மம்மாவின் பங்கு

"அம்மம்மாவுக்குமோ தம்பி?"

அக்கா கேட்டதும் மனேஜர் கல்குலேட்டரிலிருந்து கையை எடுத்தார்.

மருமகளின் ரிசெப்ஷனுக்கு ஹோல் பார்க்க கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போயிருந்தோம். கனடா மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓப்பன் பார் வேண்டுமாம். வந்தவர்கள் விரும்பியளவு குடிக்கலாம், தலைக்கு இவ்வளவு என்று காசை நாங்கள் கட்டவேண்டும்.

250 தலைக்கும் ஒரே விலை. ஒருவர் ஐந்து கிளாஸ் எடுப்பார், இன்னொருவர் ஒரு சோடாவோடு எழும்பிவிடுவார். சராசரி போட்டுத்தான் விலை வைக்கிறார்கள்.

அதாவது அம்மம்மாவின் பங்கை யாரோ ஒரு பெரியப்பா குடிக்கப்போகிறார்.

முந்தி ஊர்க் கல்யாணங்களில் குடிக்கிறவர்கள் வளவுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். ஒளிவுதான், ஆனால் காசு அவர்களுடையது.

அக்கா விடவில்லை. 21 வயதுக்குக் கீழே மது விற்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, பிறகு பிள்ளைகளுக்கு என்ன கணக்கு என்றாள். 40 தலை அங்கேயே குறைந்தது. குடிக்காத பெரியவர்களுக்கு ஜூஸ், சோடா மட்டும் தனி விலையாம். கேட்டால்தான் சொல்வார்கள்!

போத்தலை நாங்களே கொண்டுவந்தால்? அதைத் திறக்கவும் ஒரு காசு. கோர்க்கேஜ் என்று பெயர்.

வானுக்குள் இருந்த அம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம்.

"எனக்கும் சேர்த்துக் கட்டுறியள் எண்டா, ஒருக்காக் குடிச்சுத்தான் பாப்பமே."