முட்டி பேட் வாங்கிய கதை

டைல்ஸ் வேலைக்கு வந்த முதல் பத்து வருஷம் நான் முட்டி பேட் போட்டதே இல்லை. கையில் கிடைத்த தெர்மாகோல் துண்டு, இல்லையென்றால் நாலாக மடித்த சிமெண்ட் சாக்கு, அவ்வளவுதான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அதுவும் இல்லாமல் நகர்வார். "காய்ச்சுப் போச்சுன்னா அப்புறம் வலி தெரியாதுடா" என்பார். தோல் காய்த்தது உண்மைதான்.

ஓர் அடுக்குமாடி வேலையில் இடது முட்டி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. முட்டிச் சில்லுக்கு முன்னால் மெல்லிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது, ஓயாமல் அழுத்தினால் அதில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் மண்டி போடாமல் இருக்கச் சொன்னார். டைல்ஸ்காரனிடம் சொல்கிற பேச்சா அது!

முதலில் வாங்கியது பிள்ளைகள் ஸ்கேட்டிங்குக்குப் போடுகிற கெட்டி பிளாஸ்டிக் பேட். விழுந்தால் அடிபடாமல் காக்கத்தான் அது. எங்களுக்கோ அடி இல்லை, நாள் முழுக்க அழுத்தம். முன்பக்கம் குமிழாக இருந்ததால் உடம்பு கனம் மொத்தமும் ஒரே புள்ளியில் இறங்கியது. அன்று காலையில் பதித்த கல்லின் ஓரத்தில் தெரியாமல் ஊன்றிவிட்டேன். மூலை அமுங்கி மட்டம் போய்விட்டது. பெயர்த்து மறுபடி பதித்தோம்.

அடுத்தது துணி போட்ட ஃபோம். இரண்டு நாள் மெத்தை மாதிரி சுகம். மூன்றாம் நாள் சிமெண்ட் பால் ஊறி, அந்தக் காரத்தில் தோல் வெந்துவிட்டது. வலியைவிட அந்த எரிச்சல் மோசம்.

இதிலெல்லாம் பெரிய தொல்லை வார்தான். நாங்கள் மண்டியிட்டபடியே இருப்பதில்லை. குத்துக்காலிட்டு உட்காருவோம், கலவைக்கு எழுவோம், மறுபடி இறங்குவோம். முட்டி மடிப்புக்குள் வார் ஓடினால் மதியத்துக்குள் அறுத்துவிடும். மடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் அகலமாக இருக்க வேண்டும்.

இப்போது போடுவது உள்ளே ஜெல், வெளியே தண்ணீர் குடிக்காத தட்டையான ரப்பர். உறையில் ஈஎன் 14404 என்று அச்சிட்டிருந்தது. மண்டியிட்டு வேலை செய்கிறவர்களின் பேடுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கிற தரம் அது. அதில் 0, 1, 2 என்று நிலைகள் உண்டு. 0 சமதரைக்கு மட்டும். ஜல்லியும் கல் சில்லும் கிடக்கிற எங்கள் இடத்துக்கு அது ஆகாது. எண் எதுவானாலும் கடையிலேயே மாட்டி, நாலு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்துத்தான் வாங்குவேன். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

சாயங்காலம் கழுவி நிழலில் தொங்கவிடுகிறேன். ஆனாலும் இடது பேட்தான் சீக்கிரம் நசுங்குகிறது, கலவை அள்ளச் சாய்வது அந்தப் பக்கம். கால் பார்த்து வளைத்த பேட் என்பதால் மாற்றிப் போடவும் வழியில்லை. கடையில் ஜோடியாகத்தான் தருகிறார்கள். வீட்டில் நல்ல வலது கால் பேட் மூன்று சும்மா கிடக்கிறது.