குறை சொல்பவர் மூன்றாம் பக்கம் வரை படித்திருக்கிறார்

ஒருவருக்குச் 'சிடுமூஞ்சி', 'தலைக்கனம் பிடித்தவர்' என்று பட்டம் கட்டிவிட்டால், அதன்பிறகு அவர் செய்யும் நல்லது எதுவும் நம் கண்ணில் படாது. பட்டத்துக்குப் பொருந்துவது மட்டும் மனதில் தங்கும், மற்றதெல்லாம் நழுவிப்போகும். அதனால் 'அவரைப் பற்றி நல்லவிதமாக நினை' என்று மனதை வற்புறுத்திப் பயனில்லை. முதலில் பட்டத்தைக் கழற்ற வேண்டும்.

அதற்கு ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும். வலப்பக்கம், அதில் நாமாகச் சேர்த்துக்கொண்டது. 'எல்லார் முன்னாலும் என்னை மட்டம்தட்டினார், என் மேல் அவருக்கு வன்மம்' என்பது முழுக்க வலப்பக்கம். 'என் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கூட்டல் தப்பு என்று கூட்டத்தில் உரக்கச் சொன்னார்' என்பது இடப்பக்கம். இப்படிப் பிரித்ததும் ஒன்று தெரியவருகிறது: அந்த அறிக்கையை மூன்றாம் பக்கம் வரை அவர் படித்திருக்கிறார், கூட்டியும் பார்த்திருக்கிறார். தலையாட்டிவிட்டுப் போன மற்றவர்கள் அவ்வளவு தூரம் படித்தார்களா என்பது சந்தேகம்தான்.

கோபம் தணியாமல் இதை எழுத உட்காராதீர்கள். அப்போது எழுதினால் இரண்டு பக்கமும் வலப்பக்கமாகவே நிரம்பும். ஓர் இரவு கழியட்டும்.

அடுத்த கேள்வி, அந்த நேரத்தில் அவரை எது நெருக்கிக்கொண்டிருந்தது என்பது. அடுத்தவர் நடத்தைக்கு அவர் குணத்தையே காரணமாக்கி, சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடும் பழக்கத்துக்கு 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் 'அடிப்படைக் காரணப் பிழை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அதற்கு முன்பே, 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த சோதனை இன்னும் கண்ணைத் திறக்கிறது. இறையியல் மாணவர்கள் உரை நிகழ்த்தப் போகும் வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள், ஆனால் அவசரம் அவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'வீட்டில் ஏதோ பிரச்சினையாக இருக்கும், பாவம்' என்று நாமே ஊகித்து, அதையே உண்மையாக்கிக்கொள்வதும் வலப்பக்கச் சங்கதிதான். ஊகத்தைக் கேள்வியாக வைத்திருங்கள், வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள்.

கண்ட நல்லதை அவரிடமே சொல்ல வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 'நீங்க ரொம்ப நல்லவர் சார்' என்றால் முகஸ்துதி என்று அவருக்கே தெரிந்துவிடும். 'அந்தக் கூட்டலைக் கவனிச்சது நீங்க மட்டும்தான். அடுத்த தடவை கூட்டத்துக்கு முந்தின நாளே அனுப்பிடுறேன், பார்த்துச் சொல்லுங்க' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நடுவில் 'ஆனா' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு சொல் முன்னால் சொன்னதையெல்லாம் அழித்துவிடும். இப்படிக் கேட்டால் அவருடைய கூர்மை நமக்குப் பயன்படும், சபையில் குத்தவும் அவருக்குக் காரணம் குறையும்.

கஷ்டமான சூழ்நிலைகளுக்கும் இதே தாள்தான், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. இழப்பில் நிற்பவரிடம் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று சொல்லவே கூடாது. அதில் நல்லது ஏதும் உண்டா என்று தேடும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு, அதுவும் அவருக்குத் தோன்றும்போது.

அடி, மிரட்டல், பண மோசடி, தொடர்ந்த அவமானம் என்று வந்துவிட்டால் இந்தப் பயிற்சி வேண்டாம். அப்படிப்பட்டவரிடமும் நல்ல குணம் இருக்கலாம். ஆனாலும் அது அவரோடு இருந்து சகிப்பதற்குக் காரணம் ஆகாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்கள் விஷயத்தில், அடுத்த சந்திப்புக்கு முன்னால் 'இன்று இவர் இப்படித்தான் நடந்துகொள்வார்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முடிந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறாக நடந்திருந்தால் இடப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல சந்திப்புகளுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் காயம் மட்டுமே இருந்தால், வேலைக்குத் தேவையான பேச்சோடு நிறுத்திக்கொண்டு விலகியிருங்கள்.