கட்சி சாட்டை வெளியிட்டது: நான் செய்தி வாசிப்பாளர் ஆன கதை

“குரல் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ரேடியோவுல செய்தி வாசிக்க என்னக்கா பண்ணணும்?” என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு திரிந்தவள்தான். குரலை நம்பிப் போய் முதல் தடவை கவிழ்ந்தவளும்கூட.

2008-ல் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்தேன். தற்காலிக வேலை. பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர் தேவை என்று ஆகாசவாணியின் அறிவிப்பு ஒன்றைத் தோழி காட்டினாள். பட்டப்படிப்பு, 21 முதல் 50 வயது. இரண்டும் சரி. விண்ணப்பத்தை அன்று மாலையே தபாலில் சேர்த்துவிட்டேன். ‘செய்தி வாசிப்பாளர்’ என்பதைப் பார்த்த கண், சின்னக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சொல்லைத் தாண்டிப் போய்விட்டது.

முதலில் குரலைக் கேட்பார்கள் என்று நினைத்து இரண்டு வாரம் பனங்கற்கண்டும் மிளகுமாகச் சாப்பிட்டேன். குரலை யாரும் கேட்கவே இல்லை. எழுத்துத் தேர்வுதான் முதலில். அதிலும் பெரும்பகுதி, ஆங்கிலச் செய்திகளைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லும் பகுதி. நாட்டு நடப்புக் கேள்விகள் அப்புறம்.

அந்த ஜூலையில்தான் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்து 275-க்கு 256 என்று தப்பித்திருந்தது. அதை ஒட்டி வினாத்தாளில் ஒரு செய்தி. அவையில் தவறாமல் இருக்க வேண்டும் என்று கட்சிகள் உறுப்பினர்களுக்கு ‘விப்’ பிறப்பித்தன என்று ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியைப் பார்த்தால் ‘விப்’ என்பது சாட்டை. சங்க இலக்கியத்தில் முதுகலை படித்த நான் யோசிக்காமல் எழுதினேன்: “கட்சி தன் உறுப்பினர்களுக்குச் சாட்டை வெளியிட்டது.” எழுதும்போதே ஏதோ உதைத்தது. ஆனால் வேறு சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய நாளிதழ்க் கட்டைப் பிரித்தால், முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ‘கொறடா உத்தரவு’. அந்த மாதம் முழுக்க அந்தச் சொல் நம் வீட்டுத் திண்ணையில்தான் கிடந்திருக்கிறது. நான் பேப்பரைப் புரட்டியதோடு சரி.

முடிவு வந்தபோது என் எண் இல்லை. அழவில்லை, சிரிப்புதான் வந்தது. கொஞ்சம் பொய் சொல்கிறேன், முதலில் அழுதேன்.

வெளியில் பலருக்கு இது தெரிவதில்லை. வானொலியில் செய்தி வாசிப்பவர், யாரோ தயாராக எழுதிக் கொடுத்ததை வாங்கி வாசிப்பவர் இல்லை. ஆங்கிலத்தில் வரும் செய்தியை அவரே தமிழாக்க வேண்டும். செய்தி ஆசிரியர் பார்த்துத் திருத்துவார். பிறகு அவரே உள்ளே போய் வாசிக்க வேண்டும். எழுதாத கையால் வாசிப்பது சிரமம், வாசிக்காத வாயால் எழுதுவது அதைவிடச் சிரமம் என்று எங்கள் ஆசிரியர் பின்னால் சொல்வார்.

அடுத்த தேர்வு 2009-ல். இந்தத் தடவை மிளகு, கற்கண்டு இரண்டையும் விட்டுவிட்டு ஒரு நீள நோட்டு வாங்கினேன். தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து நானே தமிழில் எழுதுவேன். அதே செய்தி தமிழ் நாளிதழில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். கடைசியாக வானொலியில் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்பேன். மூன்றாவதில்தான் பாடம் இருந்தது. ‘டேபிள்’ செய்வது என்றால் மேசை இல்லை, தாக்கல். ‘சைனே டை’ என்றால் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு. சட்டப்பேரவையின் ‘ஜீரோ ஹவர்’ நம் ஊரில் நேரமில்லா நேரம். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. ‘ரெப்போ’ வட்டியை, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி என்று விரித்துச் சொன்னால்தான் சமையலறையில் கேட்பவருக்குப் புரியும்.

சொற்களைவிடப் பெரிய தலைவலி வாக்கியம். இன்னின்ன செய்யப்படும், இத்தனை கோடி ஒதுக்கப்படும், இந்த மாவட்டங்கள் பயன்பெறும் என்று நீட்டிக்கொண்டே போய், கடைசியில் “என்று அமைச்சர் கூறினார்” என்று முடிப்பது தமிழுக்கு இயல்பு. அச்சில் பரவாயில்லை, கண் மேலே போய் மறுபடி பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. யார் சொல்கிறார் என்றே தெரியாமல் அரை நிமிடம் கேட்க வேண்டியிருக்கும். அதனால் “அமைச்சர் அறிவித்திருக்கிறார்” என்று முதலில் ஒரு குட்டி வாக்கியத்தைப் போட்டுவிட்டு, மிச்சத்தை இரண்டாக உடைக்க வேண்டும். இது கைக்கு வர எனக்கு ஆறு மாதம் ஆனது. நோட்டு மூன்றாகியிருந்தது.

எழுத்துத் தேர்வில் தேறினேன். அப்புறம்தான் குரல் தேர்வு.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் யார் யாரோ. “வளையலைக் கழற்றி வெச்சுடுங்கம்மா” என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. வளையல் மேசையில் உரசினால் மைக்கில் இடி மாதிரி கேட்குமாம். தாள்களைக் கோத்து வைக்கக் கூடாது, வாசித்த தாளைத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு தாளை முன்கூட்டியே பார்க்கத் தந்தார்கள். மற்ற இரண்டும் அங்கேயே முதல் முறையாகப் பார்த்தவை. 2,43,718 என்று ஓர் எண் வந்தது. “இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு” என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். ழகரம், ளகரம் எல்லாம் தேனிக்காரியான எனக்குப் பயந்த அளவுக்குக் காலை வாரவில்லை. வாரியது ‘நேற்று’. செய்தியில் இரண்டு வரிக்கு ஒரு முறை வரும் சொல். பதற்றத்தில் ஒவ்வொரு தடவையும் “நேத்து” என்றே வாயில் வந்தது. மூன்றாவது தடவை எனக்கே காதில் விழுந்து, நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாசித்தேன். நிறுத்தியிருக்கவே கூடாது. தப்பினாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் இது. ஆனாலும் எப்படியோ பாஸ்.

நேர்காணலில், யார் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். பதிலை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாத்தா டீக்கடை வைத்திருந்தார். காலை 7.15-க்கு டெல்லிச் செய்தி. “ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி” என்றதும் பாய்லர் பக்கம் பேசிக்கொண்டிருப்பவர்கள் குரலைத் தணிப்பார்கள். அந்தக் குரலில் கனிவு கிடையாது, பயமுறுத்தலும் கிடையாது. கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு எழுந்து போகும் வாத்தியாரம்மா மாதிரி. அவர் மும்பையில் பிறந்து வளர்ந்தவர், டெல்லியில் வங்கி வேலை பார்த்துவிட்டு வானொலிக்கு வந்தவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. இந்தத் தொழிலுக்கு நேர்வழி என்று ஒன்று கிடையாது போல. 1947 ஆகஸ்ட் 15-ல் டெல்லியிலிருந்து சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதனை நாம் பிறகு சினிமாவில் அப்பாவாகவும் மாமனாராகவும்தான் பார்த்தோம்.

தேர்ச்சி பெற்றால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். எங்களைக் ‘கேஷுவல்’ என்பார்கள். மாதத்துக்கு ஐந்தாறு டியூட்டி, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஊதியம். இதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். நான் கல்லூரியை விடவில்லை.

நான் வாசித்த முதல் புல்லட்டின், அதாவது செய்தி அறிக்கை, 2010 ஜனவரியில். பத்து நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்ததும் உள்ளங்கை வேர்த்து, முதல் தாள் விரலோடு ஒட்டிக்கொண்டது. பயத்தில் வேகமாக வாசித்து முப்பது விநாடி முன்னதாகவே கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். இப்படி ஆகும் என்று தெரிந்துதான் ஆசிரியர் ஓரமாக ஒரு வானிலைச் செய்தியை ‘கையிருப்பு’ என்று எழுதி வைத்திருந்தார். அதை எடுத்து, நிதானமாக, ஒவ்வொரு மாவட்டமாக வாசித்து, “இத்துடன் செய்திகள் முடிவடைந்தன” என்றேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா கேட்டாள், “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ‘முடிவடைந்தன’ன்னு சொல்லிட்டு ‘அப்பாடா’ன்னு ஒண்ணு சொன்னியே, அதையும் எழுதித்தான் குடுத்தாங்களா?” விளக்கு அணையும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதை அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகத்தால் ஐரோப்பாவில் விமானங்கள் நின்றன. சென்னையிலிருந்து லண்டன் போக வேண்டியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். எரிமலையின் பெயர் எய்யாஃபியாட்லாயோகுட். அதை எழுத்துக்கூட்டி, கழிப்பறைக் கண்ணாடி முன்னால் இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆசிரியர் தாளைப் பார்த்தார். சிவப்பு மையால் பெயரை அடித்துவிட்டு “ஐஸ்லாந்து எரிமலை” என்று எழுதினார். “கேக்கறவங்களுக்கு விமானம் போகுமா போகாதான்னு தெரிஞ்சா போதும்மா” என்றார். எனக்கு அன்று கொஞ்சம் வருத்தம்தான். அவ்வளவு ஒத்திகை பார்த்திருந்தேனே!

2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் சரோஜ் நாராயண்சுவாமி காலமானார். 87 வயது. அந்தச் செய்தியை எழுதும் வாய்ப்பு எனக்கு வந்தது. 35 ஆண்டு வாசிப்பு, ஆவணப் படங்களுக்குக் கொடுத்த குரல், 2009-ல் தமிழக அரசின் கலைமாமணி, எங்கள் ஊர் டீக்கடை தவிர எல்லாவற்றையும் சேர்த்து ஒன்பது வரி எழுதிக் கொண்டுபோனேன். இப்போது இருக்கும் ஆசிரியர் என்னைவிட இளையவர். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். “மேடம், நாலு வரிக்கு மேல இடமில்ல. எதை எடுக்கலாம், நீங்களே சொல்லுங்க” என்றார். விருதை எடுத்தேன், ஆவணப் படங்களை எடுத்தேன். 35 ஆண்டு நின்றது. வாசித்தபோது கணக்குப் பார்த்தேன், இருபத்திரண்டு விநாடி.