வாத்தியாரை முழங்காலில விட்டது ஆர்?

எங்கட அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டுவேலை செய்யாத பெடியளை முழங்காலில விடுறதில பேர்போனவர். அந்த மனுசனைத்தான் தங்கச்சி வஜ்ராசனத்தில, அதுதான் முழங்காலை மடிச்சுக் குதிமேல இருக்கிற யோகாசனத்தில, இருத்தினவள்.

மத்தியானம் நண்டுக்கறியோட வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு நேரா சாய்மனைக் கதிரையில சரியிறது அப்பாட வழக்கம். பின்னேரம் முழுக்க நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம். சாப்பிட்ட கையோட சரிஞ்சா இரைப்பைப் புளிப்பு மேல ஏறாமல் என்ன செய்யும்? நல்லூரில யோகா வகுப்புக்குப் போற தங்கச்சி, "மற்ற ஆசனத்துக்கு 3, 4 மணித்தியாலம் வயிறு காலியா இருக்கோணும். இது சாப்பிட்டாப் பிறகும் செய்யலாம்" எண்டு விறாந்தையில பாயை விரிச்சாள்.

கணுக்காலுக்குக் கீழ சுருட்டின துவாய். குதிக்கும் பின்பக்கத்துக்கும் இடையில தலையணி. "பெருவிரல் ரெண்டும் தொடோணும், குதி விலகோணும், அந்தப் பள்ளத்துக்கை இருங்கோ. முதுகு நிமிரட்டும். முழங்கால் நொந்தா விட்டிடுங்கோ." முழங்கால் தேய்வுள்ள ஆக்கள் டொக்டரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. அப்பாவுக்கு முழங்கால் நல்லம், வாய்தான் கரைச்சல்.

"ஒரு நிமிசம் காணும்" எண்டாள்.

"ஒரு நிமிசமோ? நான் பெடியளை ஒரு பாடம் முழுக்க..." எண்டு தொடங்கி, மிச்சத்தை விழுங்கிப்போட்டார். அவள் உள்ள போனதும் தலையணியை உருவி எறிஞ்சிட்டு ரோசத்தில இருந்துகொண்டே இருந்தார்.

அந்த நேரம் பாத்துப் படலை திறந்துது. பழைய மாணவர் ஒருத்தர், தலை நரைச்சவர், மகளின்ர கலியாணக் காட்டோட வாறார். விறாந்தையில சேர் முழங்காலில. வாசலில அகப்பையோட அம்மா, அவவும் ரீச்சர்தான்.

"என்ன சேர், ரீச்சர் முழங்காலில விட்டிட்டாவோ?"

அப்பா துள்ளி எழும்பப் பாத்தார். கால் எங்க? மடிச்ச காலில நரம்பு நெரிபட்டு ரெண்டும் விறைச்சுப்போச்சு. "எழும்பாதேங்கோ, கணுக்கால் பிரளும்!" எண்டு தங்கச்சி ஓடிவந்து, ஒரு பக்கமாச் சரிச்சுக் காலை மெல்ல முன்னுக்கு நீட்டிவிட்டாள். வந்தவருக்கு நேரே ரெண்டு பாதத்தையும் நீட்டினபடிதான் அப்பா காட்டை வாங்கினார்.

இப்ப ஒவ்வொரு நாளும் இருக்கிறார், தலையணி வைச்சு, விறைக்க முதல் எழும்பிவிடுவார். கணுக்கால் இளகியிருக்கு, ஏப்பமும் குறைவு. தங்கச்சி அது ஆசனத்தால எண்டுறாள். நண்டை ரெண்டாந்தரம் போடாததால எண்டுறா அம்மா. அப்பா இந்த வழக்கில வாய் திறக்கிறதில்லை. படலையைப் பூட்டிப்போட்டு வந்துதான் இருக்கிறார்.