மேற்கே மறைக்காத ஓர் இடம்

ஏப்ரல் 30, 2026

இன்று சூரியன் விழுகிற இடத்தில்தான், முழுச் சூரிய கிரகணம் வரும் ஆகஸ்ட் 12 அன்றும் விழும். இரண்டு நாளிலும் அது வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு) வடக்கே ஏறக்குறைய 15 பாகை. கிரகணத்துக்கு முன் ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல நாள் வராது. கடிகாரம் மட்டும் ஒத்துப்போகாது: அதே உயரத்துக்கு இன்று சுமார் 8 நிமிடம் முந்தியே இறங்கிவிடும். ஸ்பெயினின் புர்கோஸில் முழு மறைவு இரவு 8:29 வாக்கில். அங்கே இன்று 8:21-க்கு மேற்கே பார்க்க வேண்டும். மரம், கூரை, கம்பம் எதுவும் குறுக்கே வரக்கூடாது.

மே 3

கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கினால் அதன் அகலம் 10 பாகை. புர்கோஸில் முழு மறைவின்போது சூரியன் அதற்கும் கீழே, அடிவானத்திலிருந்து 8 பாகையில். மேற்கு, மேற்கு, மேற்கு.

மே 19

அட்டவணையில் முழு மறைவு நீடிக்கும் நொடிகளை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் உள்ள பால்மாவில் 1 நிமிடம் 36 நொடி. ஆனால் சூரியன் வெறும் இரண்டரைப் பாகையில். அந்த உயரத்தை மறைக்க, 10 கிலோமீட்டர் தள்ளி நம்மைவிட 440 மீட்டர் உயரமான குன்று ஒன்று போதும். பால்மாவுக்கு வடமேற்கே ட்ரமுந்தானா மலைத்தொடரே நிற்கிறது. ஸ்பெயினின் வடமேற்குக் கரையில் ஆ கொருன்யாவில் 1 நிமிடம் 16 நொடிதான், ஆனால் சூரியன் 12 பாகையில். இருபது நொடி போனால் போகட்டும்.

ஜூன் 8

மேகம். ஓவியேடோவில் 1 நிமிடம் 48 நொடி, ஆனால் வடகரையில் கடலிலிருந்து வரும் மேகத்தை நம்ப முடியாது. உள்நாட்டு மேட்டுநிலம் வறண்டது. அங்கே பயம் வேறு: மாலை இடிமேகத்தின் விரிந்த தலை. அது எங்கோ தொலைவில் மேற்கே இருந்தாலும் 8 பாகைச் சூரியனை மூடிவிடும். ஐஸ்லாந்துக்கு மேற்கே கடலில்தான் நீண்ட மறைவு, 2 நிமிடம் 18 நொடி. அங்கே மேகம் இன்னும் மோசம்.

ஜூன் 21

நிழலின் நடு கடந்துபோகும் நடுக்கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. நிழலின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம், நமக்குக் கிடைப்பது அதில் ஒரு நாண், அதாவது வட்டத்தைக் குறுக்கே வெட்டும் ஒரு நேர்கோடு. நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதித் தூரம் விலகினாலும் 87 சதவீத நேரம் உண்டு. பத்தில் ஒன்பது பங்கு விலகினால் 44. கடைசி சில கிலோமீட்டரில்தான் எல்லாம் சரிகிறது. ஆகவே, நடுக்கோட்டுக்கு அருகே மேற்கு அடைபட்ட மேட்டைவிட, பாதித் தூரம் தள்ளி மேற்கு திறந்த மேடே மேல்.

ஜூலை 2

முழு மறைவு உலக நேரம் (UTC) 18:29. ஸ்பெயினில் 20:29. இரண்டு மணி நேரத்தைக் கூட்ட மறந்தவர்கள் பகல் வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஜூலை 14

2008 ஆகஸ்ட் 1 கிரகணத்தின் அடுத்த வரவு இது. சரோஸ் 126: ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கிரகண வரிசை ஒன்றின் எண். பதினெட்டு வருடம், 11 நாள், எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால் அன்று சைபீரியா, இன்று ஸ்பெயின். 2044 ஆகஸ்டில் வட அமெரிக்கா.

ஆகஸ்ட் 4

மத்ரித்தில் 99.9 சதவீதம் மறையும். “அது போதுமே” என்கிறார்கள். போதாது. மிஞ்சும் கீற்றே முழுநிலவைப்போல் சில நூறு மடங்கு ஒளி. சூரியனைச் சுற்றிய ஒளிவளையம் தெரியாது, கிரகணக் கண்ணாடியையும் கழற்ற முடியாது. வடக்கே கொஞ்ச தூரம் போனால் இரண்டும் முடியும்.

ஆகஸ்ட் 9

கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தர எண் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல் போட்டுப் பார்க்க வேண்டும்: அறையில் எதுவுமே தெரியக்கூடாது. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளையோ கீறலோ தெரிந்தால் அது குப்பைக்கு. கழற்றுவது, நிலவின் விளிம்புப் பள்ளங்கள் வழியே தெரியும் கடைசி ஒளிமணியும் அணைந்த பிறகு. எந்தப் பக்கமானாலும், முதல் பொறி தெரிந்ததும் திரும்பக் கண்ணில்.

ஆகஸ்ட் 10

28-ஆம் தேதி நிலவுக்குக் கிரகணம். விட்டத்தில் 93 சதவீதம் மறையும், உச்சம் உலக நேரம் 4:13. இந்தியாவில் அப்போது பகல் என்பதால் தெரியாது. அமெரிக்கக் கண்டங்களில் நன்றாகத் தெரியும். ஸ்பெயினில் விடியற்காலை 6:13, நிலவு இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் மேற்குதான் திறந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11

மேற்கே மெல்லிய மேகக்கீற்று. வடக்கு நோக்கி நகர்கிறது.