48.5 ஹெர்ட்ஸில் கேட்ட பாட்டு

போன மாசம் மதுரை அண்ணா நகரில் ஒரு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் புதுசாக ஒரு பவர் கேபிள், சாரைப்பாம்பு தடிமன், கறுப்பு வலைப் பின்னல், முனையில் தங்க முலாம். நீளம் ஒன்றரை மீட்டர். விலை நாற்பத்தைந்தாயிரம். அண்ணி அடுப்படியில் இருந்ததால் விலையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதைப் போட்டதும் அந்தக் காலத்து சவுண்டு வந்திருச்சு தம்பி."

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மீட்டர் வரை அலுமினியக் கம்பி, மீட்டரிலிருந்து பிளக் பாயின்ட் வரை வீடு கட்டும்போது சுவருக்குள் போட்ட பழைய ஒயர், இத்தனையும் தாண்டி வந்த கரண்டை கடைசி ஒன்றரை மீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்டேன். உப்புத் தண்ணியை வெள்ளி டம்ளரில் ஊற்றிக் குடித்தால் உப்புப் போய்விடுமா? அவர் அசரவில்லை. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, நான் பின்னால் உட்கார்ந்து சாதா கேபிளையும் இதையும் பத்து தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறு தடவை சரியாகச் சொன்னார். காசைச் சுண்டிப் போட்டாலும் ஆறு விழும். "நீ பின்னாடி உட்கார்ந்திருந்தா மனசு பதறுதுப்பா" என்று சொல்லிவிட்டு கேபிளை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. இரண்டு வருஷம் முன்னால் என் செட்டில் ஒரு ஹம்மிங், பாட்டு நின்றதும் வண்டு மாதிரி உம்ம்ம். ஃபில்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன், ஒயரில் இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் காந்த வளையம் மாட்டினேன், தலைகீழாக நின்றேன். கடைசியில் தெரு எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். 41 வோல்ட். "சார், உங்க எர்த் வீட்டை விட்டுப் போயி வருஷமாச்சு" என்றார். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எர்த் குழியைத் தோண்டினால், இரும்புக் குழாயில் இருந்த கிளாம்ப் துருப்பிடித்துப் பொடியாகி, ஒயர் மண்ணில் சும்மா கிடந்தது. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் என்று மூணு பின் போட்ட சாமான் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிற ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். அது போக வழியில்லாமல் என் ஆம்ப்ளிஃபயர் பாடியில் ஏறி, ஆடியோ ஒயரின் மேல்வலை வழியாக டிவி கேபிளைப் பிடித்து வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆம்ப்பைத் தொட்டால் கை சுருசுருவென்றதைக்கூட நான் பழைய செட் அப்படித்தான் என்று விட்டுவைத்திருந்தேன், மடத்தனம். புது கிளாம்ப், கரி, கல் உப்பு, நாலு குடம் தண்ணீர், கூலியோடு 650 ரூபாய். ஹம்மிங் போச்சு. இப்போது சித்திரை வெயிலில் வாரம் ஒரு குடம் ஊற்றுகிறேன். என்ன செடிப்பா அங்க இருக்கு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஆனால் அந்த அண்ணன் சொன்ன "அந்தக் காலத்து சவுண்டு" என்னை விடவில்லை. என் அந்தக் காலம் உசிலம்பட்டிப் பக்கம், தாய்மாமா மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி எதுவானாலும் புளியமரத்தில் இரண்டு குழாய் கட்டி அதிகாலையிலேயே ஆரம்பித்துவிடுவார். பெட்டிக்குள் இங்கிலாந்து கேரார்ட் ரெக்கார்டு பிளேயர். அதன் பக்கத்தில்தான் ஸ்டெபிலைசர், ஒரு முள், கையால் திருப்புகிற ஒரு குமிழ். சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரெல்லாம் லைட் போட்டதும் முள் 170-க்கு இறங்கும். "மாப்ள, ரெண்டு தள்ளு" என்பார், டக், டக் என்று இரண்டு கட்டம் திருப்புவேன். உலகத்தையே நான்தான் தூக்கி நிறுத்தியதுபோல இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஊர் அடங்கி வோல்டேஜ் தானாக ஏறும்போது குமிழைத் திருப்பி இறக்க மறந்தால் அவ்வளவுதான், பல்பு போகும், அப்புறம் என் காதும் போகும்.

ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் தூக்கும், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு செகண்டில் எத்தனை தடவை அலைகிறது என்பதை, ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதிரி பழைய பிளேயர்களில் மோட்டர் நேரே மெயின் கரண்டில் ஓடும், ஹெர்ட்ஸ் குறைந்தால் தட்டும் மெதுவாகச் சுற்றும். 50 இருக்க வேண்டிய இடத்தில் தென்னிந்திய கிரிட், அதாவது மாநிலங்களை இணைக்கும் மின்சார வலை, அப்போதெல்லாம் 49-க்குக் கீழே ஓடுவது சகஜம். 48.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று சதவீதம் குறைவு. நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 32⅓தான் சுற்றும், பாட்டு கிட்டத்தட்ட அரை செமிடோன் இறங்கிவிடும் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்தான் செமிடோன்). இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கு கிரிட் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்தது. இன்றைக்கு ஹெர்ட்ஸ் 49.9-க்கும் 50.05-க்கும் நடுவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

அதாவது, புளியமரத்தடியில் நான் கேட்ட பாட்டெல்லாம் ரெக்கார்டில் இருந்த பாட்டே இல்லை. கொஞ்சம் கனத்த குரல், கொஞ்சம் சோம்பலான தாளம், சிங்கர் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பாடியது மாதிரி. அதைத் தேடிக்கொண்டு நாம் போய் வாங்குவது என்ன? கரண்டைச் சுத்தம் செய்கிற பெட்டி, சுத்தம் செய்கிற கேபிள். எனக்கு வேண்டிய சவுண்டைக் கெட்ட கரண்டுதான் செய்து கொடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய டெக்னிக்ஸ் 1200 ரெக்கார்டு பிளேயர். குவார்ட்ஸ் கட்டுப்பாடு, மெயின்ஸ் ஹெர்ட்ஸ் எப்படிப் போனாலும் வேகம் மாறாது. ஆனால் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பிட்ச் ஸ்லைடர் உண்டு. மாமாவின் பெட்டியில் இருந்து எனக்கு வந்த தட்டு ஒன்றை வைத்து, ஸ்லைடரை மைனஸ் மூன்று சதவீதத்துக்கு இழுத்தேன். முதல் வயலின் இழுப்பு வந்ததுமே கழுத்துக்குப் பின்னால் முடி நின்றது. புளியம்பூ வாசனை வந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், எழுதவில்லை.

மாமாவின் ஸ்டெபிலைசரும் ஷெல்ஃபில்தான் இருக்கிறது. எதையும் அதில் மாட்டுவதில்லை, முள் ஆடுவதைப் பார்க்க மட்டும் ஆன் செய்து வைப்பேன், அன்றைக்கு 228 காட்டியது. சரணம் பாதியில் அடுப்படியிலிருந்து அம்மா குரல்: "பாட்டெல்லாம் இருக்கட்டும், டேங்க்ல தண்ணி இல்ல, மோட்டரைப் போடு." போட்டேன். முள் 214-க்கு இறங்கியது, கை தானாகக் குமிழுக்குப் போய்விட்டது.