சரக்கும் கடனும்: ஒரு பயிற்சியாளரின் நாட்குறிப்பு

மார்ச் 3

சொந்தத் தொழில் தொடங்கக் கற்றுக்கொடுக்கும் என் வகுப்புக்கு அந்தப் பையன் இன்றும் வரவில்லை.

மார்ச் 4

லாபக் கணக்கு நடத்தினேன். பை தைக்கும் பெண் தானாகவே எழுந்து வந்து தன் கணக்கைப் பலகையில் எழுதினாள். விற்கும் விலை 100. துணி, நூல், ஜிப் எல்லாம் சேர்த்து 60. மிச்சம் 40. தையல் இயந்திர வாடகை மாதம் 2,000. ஆக, 50 பை விற்றால் வாடகை தேறும். லாபம் 51-ஆவது பையில்தான் தொடங்கும். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"இதில் உன் கூலி எங்கே?" என்று கேட்டேன். ஒரு பைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறதாம். ஐம்பது பைக்கு நூறு மணி நேரம். அத்தனையும் தைத்து விற்றாலும் அவள் கையில் ஒன்றும் நிற்காது. "வீட்டில் உட்கார்ந்து தைப்பதற்குக் கூலியா அக்கா?" என்றாள். அப்படிக் கேட்கும்படி இவளைப் பழக்கியது யார்? மாலை முழுவதும் மனம் ஆறவில்லை.

மார்ச் 5

வகுப்பு நடக்கும் மண்டபத்தின் சாவி ஏப்ரல் கடைசி வரைதான் என்கிறார்கள். பிறகு பேசிக்கொள்ளலாமாம்.

மார்ச் 7

வகுப்புக்கு வராத அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டது. மாமாவிடம் கைமாற்று வாங்கி, மொபைல் உறைகளை மொத்தமாக எடுத்திருக்கிறான். கூடுதலாக எடுத்தால் ஒன்றின் விலை குறையும் என்று மொத்த வியாபாரி சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் பழைய மாடல். அந்த போன்களை இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லை. போட்ட பணம் முடங்கிவிட்டது. மாமா கேட்கத் தொடங்கிவிட்டார். வகுப்புக்கு வர வெட்கப்படுகிறான் என்று அவன் நண்பன் சொன்னான்.

தூக்கம் வரவில்லை. 2010-இல் வெளிவந்த அந்த நெதர்லாந்து ஆய்வைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொழிற்கல்வி மாணவர்களுக்குச் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். திறமைகள் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தே போயிருந்தது. இதைக் காட்டி, இந்த வகுப்புகளே வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினேழு வயதில், கடன் இல்லாமல், சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு "இது எனக்கு வேண்டாம்" என்று ஒரு பிள்ளை முடிவெடுத்தால், வகுப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். முப்பது வயதில் வீட்டை அடமானம் வைத்துவிட்டு அதைக் கண்டுபிடிப்பது பெரிய கொடுமை.

ஆனால் இவன் கடன் வாங்கியல்லவா பார்த்திருக்கிறான்.

மார்ச் 8

பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பினேன். "இதை விற்றால் வாங்குவீர்களா?" என்று கேட்கவே கூடாது என்பது நிபந்தனை. சிறுபிள்ளை முகத்தைப் பார்த்து யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. அந்த ஆமாம் விற்பனையாக மாறுவதும் இல்லை. கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் என்ன பிடிக்கவில்லை: இவ்வளவுதான் கேட்கச் சொன்னேன்.

ஒருவருடனும் பேசாத அந்தச் சின்னப் பெண் நிறைய பேரிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறாள்! பையின் அழகைப் பற்றி யாருமே பேசவில்லையாம். கைப்பிடி அறுந்துபோகிறது என்பதுதான் எல்லோருடைய குறையும்.

மார்ச் 11

வகுப்பை நடத்தும் கமிட்டியின் கூட்டம். பிள்ளைகள் தொழில் தொடங்க ஆளுக்குக் கொஞ்சம் விதைப் பணம் கொடுங்கள் என்று கேட்டேன், திருப்பித் தர வேண்டாத மானியமாக. "சும்மா கொடுத்தால் செலவழித்துவிடுவார்கள், கடனாகக் கொடுத்தால்தான் பொறுப்பு வரும்" என்றார் ஒரு பெரியவர். மரியாதையாகவே மறுத்துப் பேசினேன். உகாண்டாவின் வடபகுதியில் இளைஞர்களுக்குத் தொழில் கற்கவும் கருவி வாங்கவும் அரசு மானியம் கொடுத்தது, தலைக்குச் சராசரி 382 டாலர். பெரும்பாலோர் அதை வீணாக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களின் வருமானம், மானியம் கிடைக்காதவர்களுடையதைவிட 38 சதவீதம் கூடுதல். ஒன்பதாவது ஆண்டில் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன், மறைப்பானேன்? முன்கூட்டிக் கிடைத்த அந்த ஆண்டுகள் இளம் வயதில் சின்ன விஷயமா?

"கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் போதாதா?" என்றார் இன்னொருவர். ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறு தொழில் செய்பவர்களை மூன்று பிரிவாக வைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வந்தது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பாடம் கேட்டவர்களின் லாபம் உறுதியாகச் சொல்லும்படி உயரவில்லை. தானாக முன்வந்து செய்வது, தடை வரும் முன்பே யோசிப்பது, விழுந்தாலும் விடாமல் தொடர்வது என்று மனப்பயிற்சி பெற்றவர்களுக்கு 30 சதவீதம் கூடியது. அவர்கள் ஏற்கெனவே தொழில் செய்தவர்கள், என் பிள்ளைகள் இன்னும் தொடங்காதவர்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். இருந்தாலும் கணக்கோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வராது.

யோசித்துச் சொல்கிறார்களாம்.

மார்ச் 12

போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 15

வந்தான்!

வாசலில் நின்றவனை உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். மூட்டையையும் கொண்டுவந்திருந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை, நல்ல பிள்ளைகள். எல்லோரும் சேர்ந்து தரம் பிரித்தார்கள்: ஓடும் மாடல், மெதுவாக ஓடும் மாடல், ஓடவே ஓடாதது. ஓடும் உறைகளை வந்த விலைக்கே தள்ளினால் கடனில் பெரும்பகுதி அடைந்துவிடும். "லாபம் வேண்டாமா அக்கா?" என்றான். இப்போது தேவை ரொக்கம், லாபம் அடுத்த கொள்முதலில் பார்க்கலாம் என்றேன். மாமாவிடம் ஒளிந்து திரிவதை நிறுத்தச் சொன்னேன். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் அவனையே எழுதவைத்தேன். அதைப் பார்த்தால் அவர் பொறுப்பார் என்று நம்புகிறேன். பொறுக்க வேண்டும்.

மார்ச் 16

பை தைக்கும் பெண் விலையை 140 ஆக்கிவிட்டாள். கைப்பிடியில் இரட்டைத் தையல், கூலி 40. வாடகை தேற இப்போதும் 50 பைதான் விற்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் அவளுக்குக் கூலி நிற்கும். முதல் போணியும் ஆகிவிட்டது. வாங்கியவர் முன்பின் தெரியாதவர் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

மார்ச் 18

மாமா ஊரில் இல்லையாம், ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கமிட்டியிலிருந்து இன்னும் பதில் இல்லை.